எம்ஜிபி முன்பிரேக் பிடிச்சா விட மாட்டேங்குது, காலிப்பரைப் பிரிச்சுப் பாக்கவா புதுசு வாங்கவா?

வளவுவீட்டுப் பேரன்

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு ஊரு கானாடுகாத்தான் பக்கம், பொழப்பு சென்னையில. எங்க ஐயா, அதாவது தாத்தா, பினாங்குல செட்டியாருங்க தொழில் நடத்துன கிட்டங்கியில இருந்தப்ப வாங்கி, ஊருக்குத் திரும்பும்போது கப்பல்ல ஏத்தி விட்ட 1965 எம்ஜிபி, இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரு, மேல தொறந்த வண்டி, எங்க வீட்டுப் பின்கட்டு கார் செட்டுல இருபது வருசத்துக்கு மேல சும்மா கிடந்துச்சு. போன வருசம் நான்தான் ஒவ்வொரு லீவுக்கும் வந்து இஞ்சின், ரெண்டு எஸ்யூ கார்புரேட்டர், ரேடியேட்டர்னு பாத்துப் பாத்து ஓட விட்டேன். 1798 சிசி இஞ்சின் முதல் செல்ஃப்லயே எடுக்குது, அதுல குறையே இல்ல.

பிரேக்குதான் உயிரை வாங்குது. முன்னாடி டிஸ்க் பிரேக்கு, ஒவ்வொரு சக்கரத்துலயும் டிஸ்க்கைக் கவ்வுற காலிப்பருக்குள்ள ரெண்டு பிஸ்டன், அதுதான் பேடை ரெண்டு பக்கமும் தள்ளிப் பிடிக்க வைக்கும். ரெண்டு கிலோமீட்டர் போனா முன் இடது சக்கரம் தொட முடியாத அளவுக்கு சுடுது, கருகுன வாடை, ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்குது, ஓரங்கட்டி அரை மணி நேரம் புளியமரத்து நிழல்ல உக்காந்திருந்தா தானா விட்டுருது, மறுபடி ரெண்டு கிலோமீட்டர். வலது பக்கம் வேற கதை. அங்க பேடைக் கழட்டிப் பாத்தேன், உள்பக்க பேடு பாதிக்கு மேல தேஞ்சிருக்கு, வெளிப்பக்க பேடு புதுசு மாதிரி இருக்கு, அந்தப் பக்கத்து பிஸ்டன் அசையவே இல்லன்னு நினைக்கிறேன்.

காரைக்குடியில ஒருத்தர்கிட்ட காட்டுனேன், ரெண்டு காலிப்பரும் போச்சு, தூக்கிப் போடுங்கன்னுட்டாரு. இன்னொருத்தர் பிஸ்டனை லேத்துல கடைஞ்சு போட்டுரலாம்ங்கிறாரு. இங்கிலாந்துலேர்ந்து வரவழைச்சா சாமான் வெலை ஒரு பங்கு, அனுப்புற கூலியும் கஸ்டம்ஸும் இன்னொரு பங்கு. தை மாசம் அப்பச்சிக்கு, எங்க அப்பாவுக்கு, சாந்திக் கல்யாணம், அதான் அறுபதாம் கல்யாணம், அப்பச்சியையும் ஆத்தாவையும் (அம்மாவையும்) இந்த வண்டியில வச்சு பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு ஆசை. அப்பச்சி என்னடான்னா 'அதைத் தேரு மாதிரி நிறுத்தி வச்சு மாலை போடுடா, ஓட்டாத'ங்கிறாரு. என்ன பண்ணலாம், சொல்லுங்க.

தேவகோட்டை ரஸ்தா

தம்பி, வாங்குறது பிரிக்கிறதெல்லாம் அப்புறம். ரெண்டு பக்கமும் ஒரே வியாதின்னு யார் சொன்னது? நீ எழுதுனதைப் படிச்சா ரெண்டும் வேற வேற வியாதி மாதிரித்தான் எனக்குத் தெரியுது.

இடது பக்கம் அரை மணி நேரத்துல தானா விடுதுன்ற பாரு, அதுதான் முக்கியமான விசயம். துருப்புடிச்சு இறுகுன பிஸ்டன் உக்காந்து இளைப்பாறிட்டு எந்திரிக்காது. அழுத்தம் உள்ள மாட்டிக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு திரும்புது, அதான். பெடல் மிதிச்சா எல்லா சக்கரத்துக்கும் ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர்ல கோளாறுன்னா நாலு சக்கரமும் பிடிக்கணும், ஒண்ணு மட்டும்னா அந்த காலிப்பருக்கு ஆயில் கொண்டு போற ரப்பர் ஹோஸ் மேலதான் எனக்கு சந்தேகம். பழைய ஹோஸ் வெளிய பாக்க நல்லா இருக்கும், உள்ள ரப்பர் ஊதி ஓட்டை அடைஞ்சிருக்கும், நீ கால்ல மிதிக்கிற பலத்துக்கு ஆயில் உள்ள போயிரும், திரும்பி வர அந்த பலம் கிடையாதே, ஒருவழிப் பாதையா ஆயிருது.

எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா, முன்னாடி ஜாக்கி போட்டு ஸ்டாண்டு வச்சுரு, ஜாக்கியை மட்டும் நம்பி கீழ படுக்காத. ஒருத்தரை பெடலை நல்லா மிதிச்சு விடச் சொல்லு. சக்கரத்தைச் சுத்திப் பாரு. இறுகியிருந்தா காலிப்பர்ல காத்தை வெளிய விடுறதுக்கு இருக்குற சின்னத் திருகு, ப்ளீடர் நிப்பிள், அதைக் கொஞ்சம் தளர்த்து. பீச்சிட்டு அடிச்சு சக்கரம் விட்டுச்சுன்னா அழுத்தம் மாட்டியிருக்குன்னு அர்த்தம், பிஸ்டன் மேல குத்தம் இல்ல. நிப்பிளை மூடிட்டு திரும்ப மிதிச்சு இறுக வச்சு, இப்ப ஹோஸுக்கு மேல பாடியில இரும்புப் பைப்பு சேருற நட்டைத் தளர்த்து. அதுக்கும் சக்கரம் விடலன்னா அடைப்பு ஹோஸ்லதான், விட்டுச்சுன்னா மாஸ்டர் சிலிண்டர் பக்கம் போ, பெடல் ராடுக்கு கொஞ்சமாவது ஆட்டம் இருக்கான்னு பாரு. நிப்பிளைத் தொறந்தும் சக்கரம் இறுக்கமாவே இருந்தாத்தான் பிஸ்டன்.

இதுக்கு அரை மணி நேரமும் ஒரு ஸ்பேனரும் போதும். ஸ்பேனர்னதும் ஞாபகம் வருது, அது அங்குல அளவு வண்டி, மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டு நட்டு மூலையை வழிச்சு வச்சுராத.

ஸ்பீடு_ராஜா

இதுக்குப் போயி இம்புட்டு யோசனையா ப்ரோ, டீசல்ல ஊற வச்சு சுத்தியால ரெண்டு தட்டு, பிஸ்டன்ல கொஞ்சம் கிரீஸ் தடவி உள்ள தள்ளு, நான் என் பழைய மாருதி 800-க்கு அப்படித்தான் பண்ணேன், இன்னிக்கும் ஓடுது.

லேத்துப் பட்டறை

மேல எழுதுன தம்பி சொன்னதை யாரும் செஞ்சுராதீங்க, கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்றேன். பிரேக் சீல் ரப்பருக்கும் டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய், இஞ்சின் ஆயில், சாதா கிரீஸ் எதுக்கும் ஆகாது, ஊதி புட்டு மாதிரி ஆயிரும். சந்தேகம் இருந்தா ஒரு பழைய சீலை டீசல் டப்பாவுல நாலு நாள் போட்டு எடுத்துப் பாருங்க. மாஸ்டர் சிலிண்டர்ல யாரோ இஞ்சின் ஆயில் ஊத்தி மொத்த லைன்லயும் ரப்பர் மாத்துன வண்டி எங்க பட்டறைக்கே வந்திருக்கு. கழுவ பிரேக் க்ளீனர் இல்லன்னா ஸ்பிரிட்டு, மாட்டும்போது புது பிரேக் ஆயில் இல்லன்னா சிவப்பு ரப்பர் கிரீஸ், அம்புட்டுதான்.

இப்ப பேரன் தம்பிக்கு. நான் லேத்து வச்சுப் பொழைக்கிறவன், கடைஞ்சு தர்றேன்னு சொன்னா எனக்குத்தான் லாபம், ஆனா பிஸ்டனை வெறும் லேத்துல கடைஞ்சு போடாதீங்க. டிஸ்க் பிரேக்குல சீல் காலிப்பர் உள்சுவத்துல வெட்டுன பள்ளத்துல, அந்தக் காடியில உக்காந்திருக்கு, பிஸ்டன் அதுக்குள்ள வழுக்கிட்டுப் போகுது, அப்ப ஆயில் நிக்கிறது பிஸ்டனோட மேல்தோல்லதான். பிரேக்கு பிடிக்கும்போது அந்த சதுர சீல் லேசா முறுக்கிக்கிட்டு, விட்டதும் நிமிந்து பிஸ்டனைப் பின்னால இழுக்குது, வேற ஸ்பிரிங் எதுவும் அங்க கிடையாது. லேத்து டூல் போட்ட கோடு அந்த சீலை அரம் மாதிரி ராவிரும். உருளை கிரைண்டிங் பண்ணி பாலீஷ் போட்டா செய்யலாம், ஆனா நாலு பிஸ்டனுக்கு அந்தக் கூலியும் அளவு பாக்குற தலவலியும் சேத்தா, ஸ்டெயின்லெஸ் பிஸ்டன் ரெடியா கிடைக்கிறதை வாங்கிரலாம். பழசு இரும்பு மேல குரோம் பூசுனது, அது உரிஞ்சு சின்னப் பொட்டு பொட்டா குழி விழுந்திருந்தா எமரி போட்டு ஏமாத்த முடியாது.

நிறைய பேர் தலைகீழாப் புரிஞ்சுக்கிறது இங்கதான். காலிப்பர் உள் துவாரத்துல துரு தின்ன குழி இருக்குன்னு தூக்கிப் போடுவாங்க, அதுல சீல் உரசுறதே இல்ல, சும்மா சுத்தம் பண்ணா போதும். விட்டுரக் கூடாதது சீல் உக்காருற காடி. அங்க சீலுக்குப் பின்னால துரு சேந்து சீலைப் பிஸ்டன் மேல நெருக்கும், பாதி வண்டிக்கு பிஸ்டன் இறுகுறதே அதனாலதான். மூங்கில் குச்சி, பித்தளைக் கம்பி வச்சு சுரண்டணும், ஸ்க்ரூ டிரைவர் முனையை விட்டுக் கீறி வச்சா அப்புறம் கசிவுக்கு மருந்தே இல்ல.

வளவுவீட்டுப் பேரன்

ரஸ்தா அண்ணே, உங்க கால்ல விழணும். சொன்ன மாதிரியே இடது பக்கம் நிப்பிளைத் தொறந்ததும் பீச்சிட்டு அடிச்சு சக்கரம் சுத்துச்சு. மேல பைப்பு நட்டைத் தொறந்தும் விடல. ஹோஸேதான்! வலது பக்கம் நிப்பிள் தொறந்தும் ஒரு மாத்தமும் இல்ல, வெளிப்பக்க பிஸ்டன் கல்லு மாதிரி இருக்கு.

பீச்சுன ஆயில் எதிர்ல இருந்த ஆத்தங்குடிக் கல்லுல விழுந்து, அப்பத்தா போட்ட சத்தம் பள்ளத்தூர் வரைக்கும் கேட்டிருக்கும். அதோட முன் விங்குல ரெண்டு சொட்டு பட்டு பெயிண்ட் கொப்புளிச்சுப் போச்சு. இனிமே பக்கத்துல ஒரு வாளி தண்ணி இல்லாம அந்த ஆயிலைத் தொட மாட்டேன்.

இப்ப கேள்வி. இறுகுன பிஸ்டனை எப்படி வெளிய எடுக்கிறது? பஞ்சர் கடையில காத்து அடிச்சு எடுக்கலாம்ங்கிறாங்க. காலிப்பர் ரெண்டு பாதியா போல்ட் போட்டு இருக்கே, அதைப் பிரிக்கணுமா? துருவுக்கு என்ன பண்றது? அப்பத்தா 'புளியில ஊறப்போடு, பித்தளைக் குடமே பளபளங்குது'ங்குது.

சிக்ரி ரோடு

அப்பத்தா சொல்றதுல ரசாயனம் இருக்கு தம்பி, புளியில டார்டாரிக் அமிலம் இருக்கு, லேசான துருவைக் கரைக்கும். ஆனா உன் காலிப்பருக்கு அது பத்தாது. காரைக்குடிக்காரன் துருவுக்கு வழி தேடி வெளியூர் போகலாமா, அழகப்ப செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்து, 1948-ல நேரு வந்து அடிக்கல் நாட்டி, மின்வேதியியலுக்குன்னே சிக்ரின்னு ஒரு ஆராய்ச்சி நிலையம் நம்ம ஊர்லதான் நிக்குது. அங்க பண்றது பெரிய விசயம், நீ வீட்ல பண்ண வேண்டியது சின்ன விசயம், அடிப்படை மட்டும் ஒண்ணு.

சீல், பிஸ்டன், நிப்பிள் எல்லாம் கழட்டுன வெறும் வார்ப்பிரும்பு காலிப்பரை எடுத்துக்க. பிளாஸ்டிக் வாளியில தண்ணி, கொஞ்சம் சலவை சோடா. பேட்டரி சார்ஜரோட மைனஸ் காலிப்பருக்கு, பிளஸ் ஒரு துண்டு பழைய இரும்புத் தகடுக்கு, ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடக்கூடாது. மாத்திக் குடுத்தா காலிப்பர் கரைஞ்சு தகடு பளபளக்கும், பாத்துக்க. ஒரு ராத்திரி விட்டா துரு கறுப்பு மாவா மாறும், பிரஷ் போட்டாப் போயிரும். பிளஸ்ல எவர்சில்வர் தட்டு கரண்டி எதையும் மாட்டாத, அதுலேர்ந்து வர்ற குரோமியம் விசம். ஹைட்ரஜன் வரும், அதனால முற்றத்துல வானம் பாக்க வை, பக்கத்துல பீடி சிகரெட்டு வேண்டாம். எடுத்ததும் கழுவி ஒடனே சூடு காட்டிக் காய வச்சு உள்ள பிரேக் ஆயில் தடவிரு, இல்லன்னா பாத்துக்கிட்டு இருக்கும்போதே திரும்ப மஞ்சப் பூக்கும்.

போல்ட்டுகளை இந்த வாளியிலயும் போடாத, ஆசிட்லயும் போடாத. பலமான எஃகுக்குள்ள ஹைட்ரஜன் போனா உடையுற குணம் வந்துரும். ரெண்டு பாதியையும் பிரிக்கவும் வேண்டாம், வொர்க்‌ஷாப் மேனுவலே அவசியம் இல்லாமப் பிரிக்காதன்னுதான் சொல்லுது. அந்த மூட்டுக்குள்ள ஆயில் ஒரு பாதியிலேர்ந்து அடுத்த பாதிக்குப் போற சின்ன வழியும் அதுக்கொரு சீலும் இருக்கு, பிரிச்சா அதையும் புதுசு போடணும், போல்ட்டை மேனுவல் சொல்ற டார்க்குல முறுக்கணும்.

லேத்துப் பட்டறை

பஞ்சர் கடைக் காத்து வேண்டவே வேண்டாம். கணக்குப் போட்டுப் பாரு தம்பி, அந்த பிஸ்டன் 54 மில்லி, 100 பிஎஸ்ஐ காத்து குடுத்தா கிட்டத்தட்ட 160 கிலோ தள்ளுது, அதுவும் அமுங்குன காத்து, விட்டுச்சுன்னா வெடி மாதிரி வரும், நடுவுல விரல் இருந்தா விரல் போச்சு. ஆயிலோ கிரீஸோ அமுங்காது, அதனால பிஸ்டன் நகந்ததும் அழுத்தம் இறங்கிரும், மெதுவா வரும்.

முதல்ல வண்டியிலயே பாரு. டிஸ்க்குலேர்ந்து காலிப்பரைக் கழட்டி கம்பி போட்டுத் தொங்க விடு, ஹோஸ்ல தொங்கக் கூடாது. நல்லா இருக்குற பிஸ்டனை சி-கிளாம்ப் வச்சு அமுக்கிப் பிடிச்சுக்க, நடுவுல ஒரு பலகைத் துண்டு, பெடலைக் கொஞ்சம் கொஞ்சமா மிதி. பெரும்பாலும் வந்துரும். வரலன்னா கழட்டி பென்ச்சுக்குக் கொண்டு போயி, ஹோஸ் ஓட்டையில ஒரு அடாப்டர் போட்டு கிரீஸ் கன் அடி. மேல கிரீஸ் கூடாதுன்னுட்டு இப்ப கிரீஸ் அடிக்கச் சொல்றானேன்னு கேக்காத, பழைய சீல் எப்படியும் குப்பைக்குத்தானே போகுது, அப்புறம் கிரீஸ் ஒரு பொட்டு இல்லாம கழுவிரணும். பிஸ்டன் முகத்துல ஒரு பக்கம் வெட்டு இருந்தா அது எங்க பாத்து இருக்குன்னு கழட்டுறதுக்கு முன்னாடியே போட்டோ எடுத்து வச்சுக்க.

பேடு ஐயா காலத்துதுன்னா அதுல அஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூசியைக் காத்தடிச்சு ஊதாத, ஈரத்துணியால தொடைச்சு கவர்ல கட்டிப் போடு.

கோட்டையூர் டு பர்மிங்காம்

லேட்டா வர்றேன், இங்க நடுராத்திரி. நான் இங்க ஒரு எம்ஜிபி வச்சிருக்கேன், 1972. சாமான் விசயத்துல மட்டும் ரெண்டு வார்த்தை. இந்த வண்டிக்கு சாமான் கிடைக்கலன்னு கவலையே வேண்டாம், சீல் கிட்டு, ஸ்டெயின்லெஸ் பிஸ்டன், ஹோஸ் எல்லாமே சின்னப் பார்சல்ல வந்துரும், காலிப்பர் மாதிரி வார்ப்பிரும்பு கனத்துக்கு அனுப்புற காசு குடுக்க வேண்டியதில்ல. உங்க காலிப்பரே நல்ல காலிப்பர், வெடிச்சிருந்தாலோ நிப்பிள் உள்ள ஒடிஞ்சு மரை போயிருந்தாலோதான் நான் மாத்துவேன்.

பயப்பட வேண்டியது மரைக்கு, அதான் திருகுச் சுத்துக்கு. ஒரிஜினல் ஹோஸ் 3/8 யுஎன்எஃப்னு அங்குலக் கணக்கு மரை, அதாவது 9.5 மில்லி சொச்சம், அங்குலத்துக்கு 24 மரை. நம்ம ஊர்ல காருக்குப் பெரும்பாலும் வர்றது எம்10, 10 மில்லி, மரைக்கு மரை 1 மில்லி இடைவெளி. கண்ணுக்கு ரெண்டும் அண்ணன் தம்பி. 3/8 ஆண் மரையை எம்10 பெண் மரைக்குள்ள விட்டா கையால சொழட்டியே போயிரும், அடேங்கப்பா என்ன ஈஸின்னு இருக்கும், கடைசியில முறுக்கும்போது மரை வழிஞ்சுரும், இல்லன்னா இன்னும் மோசம், அப்ப தாங்கிட்டு அவசரமா பிரேக் அடிக்கும்போது விடும். புதுசா செஞ்சு விக்கிற காலிப்பர் சிலது மெட்ரிக் மரையில வருது, வாங்குறதா இருந்தா கேட்டுட்டு வாங்குங்க. ஹோஸை ரெண்டு பக்கமும் மாத்துங்க, பின்னாடி ஆக்சிலுக்குப் போற ஹோஸையும் சேத்து, மூணும் ஒரே வயசுதானே. செம்பு வாஷர் புதுசு.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, 1965 வண்டியில முன்னுக்கும் பின்னுக்கும் சேத்து ஒரே லைன். எங்கயாவது ஒரு இடத்துல விட்டுச்சுன்னா பெடல் மொத்தமா தரைக்குப் போயிரும், கையில ஹேண்ட்பிரேக் மட்டும்தான், அதுவும் பின் டிரம்முல. இப்ப வர்ற காரு மாதிரி பாதி பிரேக்காவது மிஞ்சும்னு நினைக்காதீங்க.

தேவகோட்டை ரஸ்தா

பிரேக் ஆயில் டாட் 4 தரம் ஊத்து, எந்த ஊரு ஸ்பேர்ஸ் கடையிலயும் கிடைக்கும். அது காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சுற சாதி, புதுசுல கொதிநிலை 230 டிகிரிக்குக் குறையாது, ஈரம் ஏறுனா 155 வரைக்கும் இறங்கலாம். நீ மாட்டுறது ஐப்பசி கார்த்திகை மழையில, அதனால சீல் உடைக்காத டப்பா வாங்கி அன்னிக்கே ஊத்து, மிச்சத்தை அடுத்த வருசத்துக்கு எடுத்து வைக்காத. பெயிண்டைத் திங்காதுன்னு சிலிகான் டாட் 5 ஊத்தச் சொல்லி ஆளு வருவாங்க. அது வேற சாதி, இதோட கலக்கக் கூடாது, உள்ள போன தண்ணி அதுல கரையாம தாழ்ந்த இடத்துல போய்த் தேங்கும். இருபது வருசமா பழைய ஆயில் தேங்கிக் கிடந்த லைன்ல எனக்கு அது வேண்டாம்.

வளவுவீட்டுப் பேரன்

ஆறு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். பார்சல் வந்து சேர்றதுக்கே நாளாச்சு.

வலது பிஸ்டன் பெடல்ல வரல, கிரீஸ் கன்னுலதான் வந்துச்சு, வரும்போது ஒரு முனகல் சத்தம், வீட்டு வேலைக்காரங்க எல்லாம் எட்டிப் பாத்தாங்க. குரோம் உரிஞ்சு அம்மைத் தழும்பு மாதிரி இருந்துச்சு. காடிக்குள்ள லேத்து அண்ணன் சொன்ன அதே துரு, கெட்டியா வளையம் மாதிரி. சிக்ரி ரோடு அண்ணன் சொன்ன வாளி வைத்தியம் ரெண்டு காலிப்பருக்கும் பண்ணேன், வார்ப்புல இருக்குற எழுத்து வரைக்கும் தெரியுது. நாலு ஸ்டெயின்லெஸ் பிஸ்டன், சீல், மூணு ஹோஸ், பேடு புதுசு. பின் டிரம்மையும் தொறந்து பாத்து வீல் சிலிண்டர் மாத்திட்டேன்.

எல்லாம் மாட்டி லைன்ல மாட்டுன காத்தை வெளிய விட, ஏர் எடுக்க உக்காந்தோம். ஒரு லிட்டர் போச்சு, பெடல் பஞ்சு. முதல் மிதிக்குத் தரைக்குப் போகுது, ரெண்டாவது மிதிக்குக் கொஞ்சம் நிக்குது. அன்னிக்கு முழுக்க எடுத்தோம், மறுநாளும் எடுத்தோம், தம்பி கால் வலிக்குதுன்னு ஓடிப் போயிட்டான். எனக்கு மாஸ்டர் சிலிண்டர் மேல சந்தேகம், இன்னொரு பார்சலா, சாந்திக்குள்ள வராதேன்னு ஒரே கவலை.

லேத்துப் பட்டறை

நிப்பிள் மேல பாத்து இருக்கா கீழ பாத்து இருக்கா? ஒரு போட்டோ போடு.

வளவுவீட்டுப் பேரன்

அண்ணே... கீழ. ரெண்டு பக்கமும் கீழ. இடதை வலதுல மாட்டியிருக்கேன். வாளியிலேர்ந்து எடுத்தப்ப ரெண்டும் ஒரே மாதிரி பளபளன்னு இருந்துச்சு, அடையாளம் வைக்கல.

லேத்துப் பட்டறை

ஹா ஹா. காத்து மேல போயி உக்காந்திருக்கு, நீ கீழ ஓட்டை வச்சுத் தேடுற. மாத்தி மாட்டி மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்து சக்கரத்துலேர்ந்து ஆரம்பி. அவிழ்த்த வாஷரைத் திரும்பப் போடாத, புதுசு இல்லன்னா பழுக்கக் காய்ச்சி தண்ணியில போட்டு எடு, இளகிரும்.

வளவுவீட்டுப் பேரன்

மாத்துனேன், கால் மணி நேரத்துல பெடல் கல்லு மாதிரி நின்னுச்சு. அப்படியே அரை மணி நேரம் மிதிச்சுப் பிடிச்சு ஒவ்வொரு மூட்டா டார்ச் அடிச்சுப் பாத்தோம், ஈரம் இல்ல. புது பேடு பதியுறதுக்கு ஊருக்கு வெளிய காலி ரோட்டுல 50-லேர்ந்து 20-க்கு பத்து தடவை, நடுவுல ஆற விட்டு ஆற விட்டு. ரெண்டு பக்க டிஸ்க்கும் ஒரே சூடு, ஸ்டியரிங் எந்தப் பக்கமும் இழுக்கல. நேத்து தனியா வைரவன்பட்டி வரைக்கும் போயிட்டு வந்தேன், வழியில ஒரு ஆட்டு மந்தை குறுக்க வந்துச்சு, நேரா நின்னுச்சு வண்டி. அப்பச்சி இப்ப மாலை போடுறதைப் பத்திப் பேசுறதில்ல, மேல தொறந்திருந்தா பட்டு வேட்டியில தூசி படும்னு மட்டும் சொல்லிக்கிட்டு இருக்காரு.

தேவகோட்டை ரஸ்தா

சந்தோசம்டா தம்பி. ஹூட்டைப் போட்டுக் கூட்டிட்டுப் போ. அந்த இடது பக்கப் பழைய ஹோஸைத் தூக்கிப் போட்டுட்டியா?

வளவுவீட்டுப் பேரன்

இல்லண்ணே, நேத்து ராத்திரி அருவாமணையில வச்சு நடுவுல வெட்டிப் பாத்தேன். அப்பத்தாவோட தையல் ஊசியை விட்டுப் பாத்தேன், ஊசி நுழையல.